குட்டி யானையில் ஏறும் வீடு

ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ கொஞ்சம் நிலம் இருந்து, அதில் மரத்தில் ஒரு சின்ன அறை போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் நீட்டுவது போனில் சேமித்து வைத்த படத்தை. முக்கோணக் கூரை, தரை வரைக்கும் கண்ணாடி, பின்னால் பனி. படம் இருக்கட்டும். முதலில் பார்க்க வேண்டியது ரோடு. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. ஒடுகத்தூர் வழியாக பீஞ்சமந்தைக்கோ, திருப்பத்தூர் வழியாக புதூர்நாட்டுக்கோ ஏறினால், வண்டி நிற்கும் இடத்துக்கும் மனைக்கும் நடுவே பல இடங்களில் ஒத்தையடிப் பாதைதான். அங்கே லாரி போக வழி வெட்ட ஆரம்பித்தால், அறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இடத்துக்கு ஆகும் சேதத்தில் பெரும்பகுதி அந்த வழியிலேயே ஆகிவிடும்.

அதனால் கணக்கை இப்படித் தொடங்குவது நல்லது. எந்தப் பாகமும் டாடா ஏஸில், அதாவது நம் ஊர்க் குட்டி யானையில், ஏற வேண்டும். எந்தப் பாகத்தையும் இரண்டு ஆள் தோளில் தூக்கி மேட்டில் நடக்க முடிய வேண்டும். குட்டி யானையின் தொட்டி நீளம் ஏறக்குறைய 7 அடி, அகலம் 5 அடிக்குக் கொஞ்சம் குறைவு. பின்கதவைத் திறந்து கட்டினால் 4க்கு 8 அடிப் பலகை சிக்கல் இல்லாமல் போகும். பிளைவுட்டும் அதே அளவில்தான் வருகிறது. எனவே 4 அடி என்பதுதான் இந்த வீட்டின் முழம்.

அதை வைத்துப் பார்த்தால் 12க்கு 16 அடி அறை தோதாக அமைகிறது. சுற்றளவு 56 அடி, அதற்கு 4 அடிச் சுவர்ப் பேனல் 14. தரைக்கு 4க்கு 8 அடிச் சட்டம் 6. இன்னொரு வசதியும் உண்டு. 12, 16 என்று பக்கம் இருந்தால் மூலைவிட்டம் சரியாக 20 அடி. மூலை மட்டம் பார்க்க ஆசாரிக்கு ஒரு டேப் போதும், வேறு கருவி தேவையில்லை. இரண்டு மூலைவிட்டமும் 20 அடி வந்து, தங்களுக்குள் 5 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் மேலே வேலை தொடரலாம்.

தோளில் ஏறும் எடை

ஒரு சுவர்ப் பேனலுக்கு 3க்கு 2 அங்குலச் சட்டம்: நிற்கும் சட்டம் மூன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று, நடுவில் குறுக்கு ஒன்று. மொத்தம் 36 அடி ஓட்டம், ஒன்றரை கன அடி. சால் போன்ற கனமான மரத்துக்கு கன அடிக்கு 24 கிலோ என்று வைத்தால் 36 கிலோ. அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட், 24 கிலோ. ஆகமொத்தம் 60 கிலோ. இரண்டு ஆள் தூக்கலாம். இதிலேயே வெளிப்புறப் பலகையையும் பட்டறையில் அடித்து அனுப்பினால் இன்னும் 40 கிலோ கூடும். அப்போது நாலு ஆள் வேண்டும், ஒத்தையடிப் பாதையில் நாலு பேர் ஒரு பலகையைச் சுமந்து திரும்ப முடியாது. படத்தில் பார்க்க “முழுசா ரெடி” பேனல் அழகுதான். மலையில் அது வழியில் நின்று போகும். வெளிப்பலகையைத் தனிக் கட்டாக அனுப்பி இடத்தில் அடிப்பதே சரி.

தரைச் சட்டமும் அப்படித்தான். சட்டம் மட்டும் 67 கிலோ. 18 மி.மீ. பிளைவுட் 35 கிலோ, அது தனியாக ஏறட்டும்.

மொத்த மரம் ஏறக்குறைய 85 கன அடி. சுவர்ச் சட்டம் 21, தரை 17, அடி உத்தரம் 6, கைமரமும் ரீப்பரும் 11, வெளிப்பலகை 30. அறுப்பில் போகும் கழிவைச் சேர்த்து 95 என்று மரவாடியில் சொல்லலாம். பிளைவுட், கூரை ஷீட், கதவு, ஜன்னல் எல்லாம் சேர்ந்து அறையின் எடை 3 டன் அளவில் நிற்கும், குட்டி யானையில் ஐந்து நடை. இதே அளவு அறைக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் மட்டும் வைத்தாலே 20 டன்னுக்குக் குறையாது. மணல், சிமெண்ட், தண்ணீர் தனி.

தரைச் சட்டத்தில் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 8 அடி நீளத்துக்கு, 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் என்று வைக்கும்போது 4க்கு 2 போட்டால் உடையாது, ஆனால் நடக்கும்போது தொட்டில் மாதிரி ஆடும். 5க்கு 2 போட வேண்டும். உயரம் ஒரு அங்குலம்தான் கூடுகிறது, விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அகலத்தில் அதே ஒரு அங்குலத்தைக் கூட்டினால் இந்த லாபம் வராது. 16 அடிப் பக்கத்து ஓரச் சட்டங்களின் மேல் சுவரும் கூரையும் உட்காரும். அவற்றை மட்டும் இரட்டையாகப் போட்டு போல்ட் அடிக்க வேண்டும்.

கால்கள்

மரம் மண்ணைத் தொடக்கூடாது. இதில் சமரசமே கிடையாது. வேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் கரையான் வேம்பையும் விட்டு வைக்காது, கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். அதனால் கால் மரத்தில் வேண்டாம். 3 அங்குல ஜி.ஐ. பைப் போதும். 12 அடி நீள உத்தரம் மூன்று வரிசை, ஒவ்வொன்றுக்கும் கீழே 6 அடிக்கு ஒரு கால், ஆக ஒன்பது கால். உத்தரத்தை 6க்கு 2 சட்டம் இரண்டாக, கால் தலையின் இருபுறமும் அணைத்தபடி வைத்து போல்ட் போட வேண்டும். 12 அடிச் சட்டம் வண்டியில் ஏறாது. 6 அடித் துண்டுகளாக எடுத்துப் போய் நடுக்கால் மேல் இணைக்கலாம். கால் மேலே இணைப்பு வந்தால் பலம் குறையாது, நடுவழியில் வந்தால் தொங்கிப் போகும்.

நடுக்காலில் ஆளும் சாமானும் சேர்ந்து ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல் இறங்கும். ஒன்றரை அடிச் சதுரப் பரப்பில் கெட்டியான சரளை மண் இதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் குழியின் அளவை முடிவு செய்வது கீழே இறங்கும் பாரம் இல்லை, மேலே இழுக்கும் காற்று. அறை 3 டன். கூரை 400 சதுர அடி, அதாவது 37 சதுர மீட்டர். புயல் காற்று ஒரு சதுர மீட்டரை 100 கிலோ விசையில் மேலே உறிஞ்சினாலே 3.7 டன் ஆகிவிடுகிறது. வீடு லேசு என்பதில் வரும் லாபமெல்லாம் இங்கே வந்து கணக்குக் கேட்கும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடியாகப் போட்ட கான்கிரீட் கட்டி ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு மேல் வரும். ஒன்பதும் சேர்ந்து ஏறக்குறைய 5 டன். அது பிடித்துக் கொள்ளும். தோண்டும் மண்ணும் 72 கன அடிதான். சுற்றிலும் வாணம் தோண்டினால் 400 கன அடிக்கு மேல் போகும்.

பல இடத்தில் ஒரு அடி தோண்டுவதற்குள் பாறை தட்டும். ஏலகிரியில் சைனைட் (syenite) பாறை, ஜவ்வாதில் சார்னோகைட்டும் நைஸும், எல்லாம் நல்ல கெட்டிக் கல். அதை வெடி வைத்தோ உடைத்தோ எடுக்க வேண்டாம். துளை போட்டு, தூசியை ஊதி எடுத்து, கெமிக்கல் ஆங்கரில், அதாவது துளைக்குள் ராடை ஒட்டிப் பிடிக்கும் பசையில், 16 மி.மீ. ராடை 8 அங்குலம் இறக்கினால் கான்கிரீட் கட்டியை விட நன்றாகப் பிடிக்கும். துளைக்குள் தூசி இருந்தால் பசை தூசியில் ஒட்டும், பாறையில் ஒட்டாது. பம்ப் வைத்து ஊது, பிரஷ் விடு, மறுபடி ஊது. இதைச் செய்யாமல் விட்ட ஆங்கர் கையால் இழுத்தாலே வரும். பாறை என்று நினைத்தது உருண்டு வந்து நிற்கும் குண்டுக்கல்லாகவும் இருக்கலாம். கடப்பாரையால் தட்டினால் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்.

சரிவில் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு நீளம். ட்யூப் மட்டம் பிடித்து ஒன்பது தலையையும் ஒரே மட்டத்துக்கு அறுப்பது சிரமம். தலையில் 20 மி.மீ. மரை போட்ட ராடும் தட்டும் வைத்து 2 அங்குலம் ஏற்றி இறக்க வசதி செய்துவிட்டால் பின்னாளில் ஒரு கால் அமிழ்ந்தாலும் ஸ்பேனர் போதும். தரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே குறைந்தது 2 அடி இருக்கட்டும். ஒரு ஆள் டார்ச்சோடு ஊர்ந்து போக அவ்வளவு வேண்டும்.

அப்படி ஊர்ந்து போய்ப் பார்ப்பது எதற்கென்றால் கரையானுக்கு. கால் இரும்பு என்பதால் கரையான் வராது என்று இருந்துவிடக் கூடாது. இரும்பைத் தின்னாது, அதன் மேல் மண் குழாய் கட்டி ஏறும். பென்சில் தடிமனில், ஈர மண் நிறத்தில், பைப்பின் வெயில் படாத பக்கமாகப் பார்த்து ஒரு கோடு போட்ட மாதிரி ஏறிக்கொண்டிருக்கும். காலின் தலையில் 24 கேஜ் ஜி.ஐ. தகரத்தில் ஒரு தொப்பி போட்டு, சுற்றிலும் 2 அங்குலம் நீட்டி 45 டிகிரி கீழே மடித்துவிட்டால், கரையான் அந்த விளிம்பைச் சுற்றி வெளியே வந்தே மேலே ஏற வேண்டும். தொப்பி கரையானைத் தடுக்காது, காட்டிக் கொடுக்கும். குழாயைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. தொப்பியின் நடுவே போல்ட்டுக்குப் போட்ட ஓட்டையில் சீலன்ட் வைக்காமல் விட்டால் மட்டும் எல்லாம் வீண். அதன் வழியே உள்ளுக்குள்ளேயே ஏறிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

எந்த மரம்

தேக்கு வாங்க முடிந்தவர்களுக்கு அறிவுரை தேவையில்லை. மற்றவர்களுக்கு: உத்தரத்துக்கும் தரைச் சட்டத்துக்கும் சால், கோங்கு, வேங்கை. இதில் வைரம் பாய்ந்த பகுதி மட்டும். ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி இருக்கும் சட்டத்தைக் கழித்துவிடுங்கள், பூச்சி அங்கேதான் ஆரம்பிக்கும். சுவருக்குள் இருக்கும் சட்டத்துக்கு ட்ரீட்மென்ட் செய்த பைன் போதும், எடையும் குறையும். பேக்கிங் பெட்டி பிரித்த பைன் மலிவாகக் கிடைக்கிறது. அதில் “எச்.டி.” முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது என்று அர்த்தம், “எம்.பி.” என்றால் மெத்தில் புரோமைடு புகை. எம்.பி. மரம் படுக்கும் அறைக்கு வேண்டாம். எச்.டி. மரத்திலும் உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கிறதே தவிர, நாளைக்கு வரும் கரையானுக்கு எந்தத் தடையும் இல்லை. ஏலகிரித் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக் உள் வேலைக்கு ஆகும், மழை படும் இடத்தில் நிற்காது. தைல மரம் காயும்போது முறுக்கும், வெடிக்கும், பேனலுக்கு லாயக்கில்லை.

வீட்டுக்குள் இருக்கும் சட்டத்துக்குப் போரான் மருந்து நல்லது. 100 லிட்டர் தண்ணீருக்கு போராக்ஸ் 3.6 கிலோ, போரிக் ஆசிட் 2.4 கிலோ. ஈர மரத்தை அதில் ஒரு வாரம் ஊறப்போட்டு, எடுத்து அடுக்கி, தார்ப்பாயால் இறுக்கி மூடி மூன்று நாலு வாரம் விட வேண்டும். மருந்து ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே நடக்கும். காய்ந்த மரத்தின் மேல் பிரஷ்ஷால் பூசினால் தோலோடு நின்றுவிடும். மழையில் இது கரைந்து போவதால் வெளிப்பலகைக்கு உதவாது. மிஞ்சிய கரைசலைச் செடி கொடிப் பக்கம் ஊற்றினால் அந்த இடம் கருகும். அதனால் இந்த வேலையைக் கீழே பட்டறையிலேயே முடித்துக் கொள்ள வேண்டும், மலையில் வேண்டாம். பிரஷர் ட்ரீட்மென்ட் செய்த துண்டுகளைக் குளிர் காய எரிக்கக் கூடாது. அதன் புகையும் சாம்பலும் விஷம். தரைக்கு அடியில் வரும் மரத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசலாம், நிறம் கறுக்கும், அடியில் யார் பார்க்கப் போகிறார்கள். பழைய இன்ஜின் ஆயில் பூசுவது ஊரில் வழக்கம். முதல் மழையில் அது ஓடைக்குப் போகும். வேண்டாம்.

ஈரம்தான் இந்த வேலையில் நிறைய ஏமாற்றுவது. மரவாடியில் “காஞ்ச மரம்தான் சார்” என்பார்கள். 40 டிகிரி வெயிலில் மேல்தோல் காய்ந்திருக்கும். ஈர மீட்டரின் ஊசியைப் பக்கவாட்டில் வைக்காமல், சட்டத்தைக் குறுக்கே ஒரு துண்டு அறுத்து, அறுத்த முகத்தின் நடுவில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். 12 முதல் 14 சதவீதம் இருந்தால் எடுக்கலாம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மே மாதம் காட்பாடியில் வெயிலில் செய்த பேனல் 8, 9 சதவீதத்துக்கு வறண்டிருக்கும். ஐப்பசி மழையில் மலை மேல் அதே மரம் 16, 17-க்குப் போகும். அகலவாக்கில் அறுத்த 6 அங்குலப் பலகை இந்த ஏற்றத்தில் 2 மி.மீ.க்கு மேல் வீங்கும். இடைவெளி இல்லாமல் நெருக்கி அடித்த தளம் நடுவில் கூடாரம் போல எழும்பி நிற்பது இதனால்தான். பிளைவுட்டுக்கு இடையே 3 மி.மீ., பலகைக்கு இடையே 3 மி.மீ. விட வேண்டும். பிளைவுட்டின் வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு கோட் பிரைமர், அதைத் திருகுவதற்கு முன்பே.

சுவர், கூரை, காற்று

சுவரில் சட்டம் பாரத்தைத் தாங்குகிறது, சாயாமல் பிடிப்பது பிளைவுட். ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, நடுச் சட்டத்தில் 12 அங்குலத்துக்கு ஒன்று. மூலையை ஒட்டிய பேனல் எட்டு. அந்த எட்டிலும் ஓட்டை போடக் கூடாது. மூலையில் கண்ணாடி கேட்பவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும். மிச்சம் ஆறு பேனல்: ஒரு கதவு, ஐந்து ஜன்னல். 192 சதுர அடி அறைக்கு அது ஏராளம்.

பேனலுக்குப் பேனல் 10 மி.மீ. போல்ட் மூன்று, 5 அங்குல நீளம், இருபுறமும் அகல வாஷர். 14 இணைப்புக்கு 42. தரையோடு பேனலுக்கு இரண்டு வீதம் 28. துளை 12 மி.மீ. இருக்கட்டும். மரம் வீங்கினால் 10 மி.மீ. துளையில் 10 மி.மீ. போல்ட் உள்ளே போகவே போகாது, போன பிறகு வெளியே வராது. பேனலை 4 அடியாகவே அறுக்காமல் 3 மி.மீ. குறைத்து அறுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 2 மி.மீ. கூடினால் 16 அடிச் சுவரில் 8 மி.மீ. துருத்தும், கடைசிப் பேனல் நுழையாது. குறைந்த இடைவெளியை ரப்பர் பீடிங் அடைத்துக் கொள்ளும்.

வெளிப்பலகையை நேராக பிளைவுட் மேல் அடிக்காதீர்கள். முக்கால் அங்குலக் குத்து ரீப்பர் வைத்து அதன் மேல் அடித்தால் பின்னால் காற்று ஓடும், நனைந்தது காயும். 6 அங்குலப் பலகை ஒன்றின் மேல் ஒன்று ஓர் அங்குலம் ஏறி உட்கார வேண்டும். ஒவ்வொரு ரீப்பரிலும் பலகைக்கு ஒரே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, கீழ் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலம் மேலே. அப்போதுதான் அடியில் இருக்கும் பலகையைக் குத்தாமல் தாண்டும். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு ஸ்க்ரூ போட்டால் பலகைக்கு அசைய வழியில்லை, நடுவில் நீளவாக்கில் வெடிக்கும். வெடித்த பலகையைப் பார்த்து மரத்தைக் குறை சொல்வார்கள்.

கூரைக்கு 5க்கு 2 கைமரம் ஐந்து ஜோடி, 10 அடி நீளம், 4 அடிக்கு ஒன்று. சரியாகப் பேனல் இணைப்புகளின் மேல் அமர வேண்டும். இது ஒன்றுதான் குட்டி யானையில் அடங்காது. டிரைவர் கேபின் மேல் சாய்த்துக் கட்டி ஒரே நடையில் ஏற்றலாம். ஜோடிக்கு நடுவே, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், 8 அடிக் குறுக்குச் சட்டம் வேண்டும். இல்லாவிட்டால் கூரை சுவரை வெளியே தள்ளும். தாழ்வாரம் 3 அடி நீட்டி இருக்கட்டும். மலையில் பழைய புல் கூரை வீடுகள் அவ்வளவு தாழ இறங்கியிருப்பதன் காரணம் சாரல் அடிக்கும்போது புரியும். ஷீட்டுக்கும் உள் கூரைக்கும் நடுவே 4 அங்குலம் காற்று ஓட விட்டு, முகட்டிலும் தாழ்வாரத்திலும் வலை அடித்துத் திறப்பு விட வேண்டும். வெயிலில் அறை வேகாது, மழைச் சத்தமும் குறையும்.

ஷீட்டிலிருந்து பாறை வரை பிடி அறாமல் வர வேண்டும். ரீப்பர் கைமரத்தோடு, கைமரம் சுவரோடு, சுவர் தரையோடு, தரை உத்தரத்தோடு, உத்தரம் காலோடு. ஒவ்வொரு இடத்திலும் ஜி.ஐ. பட்டை அல்லது போல்ட். ஆணி இழுத்தால் வந்துவிடும். பெரும்பாலும் விட்டுப் போவது கைமரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள பட்டைதான். கூரை ஏற்றிய சந்தோஷத்தில் மறந்து போகும்.

இடம்

மனையில் மரம் இல்லாத இடமாகப் பார்த்து அறையை வைப்பது எல்லோரும் செய்வது. சந்தனம் நிற்கும் இடத்தில் அது போதாது. சந்தனம் பக்கத்துச் செடிகளின் வேரில் வேரைச் செருகி உறிஞ்சி வாழும் மரம். அதைத் தொடாமல், சுற்றியுள்ள புதரை மட்டும் “சுத்தம்” செய்தாலும் சந்தனம் சில காலத்தில் வாடும். கால் குழி தோண்டும்போது கட்டைவிரல் தடிமனுக்கு மேல் வேர் தென்பட்டால் குழியை நகர்த்துங்கள். கால் அரை அடி தள்ளி வந்தால் உத்தரம் கோபித்துக் கொள்ளாது.

காய்ந்து கிடக்கும் ஓடைத் தடத்தை ஓடையாகவே எடுத்துக் கொள்ள வேண்டும். 2024 டிசம்பர் 1-ந் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். சரிவை வெட்டிச் சமதளம் ஆக்குவதும், வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டுவதும் கால் வைத்த வீட்டுக்குத் தேவையே இல்லாதவை. கூரைத் தண்ணீரை ஒரே இடத்தில் விழ விடாமல், விழும் வரிசையில் ஜல்லி பரப்பினால் மண் அரிக்காது.

மாசி முதல் சித்திரை வரை காட்டுத் தீ காலம். மரவீட்டுக்குத் தீ பெரும்பாலும் பறந்து வரும் தணலில் பிடிக்கும், சுவாலை வரைக்கும் காத்திருக்காது. தரைக்கு அடியில் சருகு சேரவிடாமல் சுற்றிலும் 2 மி.மீ. இரும்பு வலை அடிக்கலாம், ஒரு பக்கம் கழற்றும்படி. விறகையும் மிச்சப் பலகையையும் அடியில் அடுக்குவதுதான் எல்லோரும் செய்யும் பெரிய தப்பு. தீக்கும் கரையானுக்கும் பாம்புக்கும் ஒரே நேரத்தில் பந்தி வைத்த மாதிரி. சமைப்பது அறைக்கு வெளியே இருக்கட்டும். எண்ணெய், பழம், தேன் வாசனைக்குக் கரடி வரும், ஜன்னல் வலை அதற்கு ஒரு பொருட்டில்லை.

விளக்கையும் யோசிக்க வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே வேலை செய்கிறது. அங்கே அதை வைத்ததே இருட்டுக்காக. வெளி விளக்கு தாழ்வாரத்துக்குள், கீழ்நோக்கி, மூடி போட்டு, மஞ்சள் நிறத்தில், 2700 கெல்வினுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். பூச்சியும் குறையும்.

கழிவறைக்கு மண் ஆழம் இருந்தால் இரட்டைக் குழி. ஒன்று நிரம்பியதும் மூடி, மற்றதுக்கு மாற்ற வேண்டும். மூடியது இரண்டு வருஷத்தில் உரமாகும். ஓடை, கிணறு இரண்டிலிருந்தும் 50 அடிக்குக் குறையாமல் தள்ளி. பாறையில் குழி எடுக்க முடியாவிட்டால் சாம்பல் போடும் உலர் கழிவறை. குளித்த தண்ணீர் வாழைக்கு.

காகிதம்

ஜவ்வாது மலை ஒன்றுதான், மாவட்டம் மூன்று. வட ஆற்காடு 1989-ல் இரண்டானது, வேலூர் 2019-ல் மூன்றானது. ஜமுனாமரத்தூர் என்றால் திருவண்ணாமலை, புதூர்நாடு என்றால் திருப்பத்தூர், பீஞ்சமந்தை என்றால் வேலூர். எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்று தெரிந்துகொண்ட பிறகு, கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். கழற்றி மாட்டும் வீடு என்பதால் அனுமதி வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் இடத்தில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். மரம் ஏற்றிய வண்டி செக்போஸ்ட்டில் நிற்கும். மரவாடி பில்லும், தேவைப்படும் மரத்துக்கு வனத்துறை பெர்மிட்டும் டிரைவர் கையில் இருக்கட்டும். ஏறும்போது எத்தனை பேனல் என்று எழுதி வாங்கிக் கொண்டால், மிச்ச மரத்தோடு இறங்கும்போது பேச்சு குறையும். சந்தனம் கடத்திய மலை, சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

மாட்டுவது

பட்டறையில் ஒரு தடவை முழுசாக மாட்டிப் பார்க்காமல் ஏற்றவே கூடாது. பேனல் எண்ணைச் சாக்பீஸில் எழுதினால் அழியும், பெயிண்ட் உரசிப் போகும். அடிச் சட்டத்தில் உளியால் வெட்டிவிடுங்கள், எந்தப் பக்கம் வெளியே என்பதற்கும் ஒரு வெட்டு. வண்டியில் கடைசியில் மாட்டுவதை முதலில் ஏற்ற வேண்டும். காலுக்குக் கான்கிரீட் போட்டு ஒரு வாரம் விட்டால், பிறகு நாலு ஆள் நாலைந்து நாளில் கூரை வரைக்கும் போய்விடலாம். போல்ட்டை முதலில் கையால் மட்டும் திருகி, 14 பேனலும் நின்று, மூலைவிட்டம் 20 அடி வந்த பிறகுதான் ஸ்பேனர். ஒவ்வொன்றையும் நிறுத்தும்போதே இறுக்கிக் கொண்டே போனால் கோணல் எல்லாம் கடைசி மூலையில் வந்து சேரும்.

முதல் கோடையில் மரம் சுருங்கி எல்லா நட்டும் லூசாகும். வாஷரை விரலால் சுற்றினால் சுற்றும். சித்திரையில் ஒரு தடவை, புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு தடவை, இரண்டு 17 ஸ்பேனரோடு சுற்றி வர அரை நாள். அடியில் ஊர்ந்து தொப்பிகளைப் பார்ப்பதும் அப்போதே. அதற்காக, உள் சுவர் பிளைவுட்டில் போல்ட் வரும் இடங்களில் கழற்றும் பட்டி வைக்க மறந்துவிட்டால் சுவரைப் பிரித்தால்தான் நட்டு கைக்கு எட்டும். 10 மி.மீ. போல்ட் ஒரு டஜனும், அதே மரத்தில் அறுத்த வெளிப்பலகை நாலும் பரண் மேல் கிடக்கட்டும். இரண்டு வருஷம் கழித்து அதே நிறத்தில் மரவாடியில் கிடைக்காது.